'கண்டின்யூ' காணோம்! பேட்டையில் தம்பி செஞ்சு தந்த கேம் கேசட்

பல வருஷம் கழிச்சு திருநெல்வேலி பேட்டையில இருக்கற சித்தி வீட்டுல லீவுக்குத் தங்கினேன். பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினான் தம்பி. உள்ளே, சித்தப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்த கேம் பாய் கலர். கூடவே, ஸ்கூல் லீவு முழுக்க நான் விளையாடின போகிமான் கோல்டு கேசட்.

ரெண்டு பேட்டரி போட்டு ஆன் பண்ணினேன். 'நியூ கேம்' மட்டும்தான் வந்தது. 'கண்டின்யூ' இல்லை. ரெண்டு கோடை லீவு உழைப்பு, மொத்தமும் காலி!

"கேசட்டுக்குள்ள இருக்க பேட்டரி செத்துட்டுக்கா" என்றான், ஐடிஐ-யில் படிக்கும் தம்பி. அப்புறம் தானே செஞ்ச ஒரு கேசட்டை நீட்டினான். "இதப் போட்டுப் பாரு. இது மறக்காது."

கேசட்டுக்குள்ளும் பேட்டரியா?

ஆமாம். பழைய கேசட்டில் கேம் இருப்பது 'ரோம்' சிப்பில். ஃபேக்டரியில் எழுதினது எழுதினதுதான், மாத்த முடியாது. நாம 'சேவ்' செய்வது இன்னொரு சிப்பில். கரன்ட் நின்னா அதுக்கு எல்லாமே மறந்துடும். அதனால வாட்ச் பேட்டரி மாதிரி ஒண்ணை உள்ளே வச்சு, அந்தச் சிப்பை முழிச்சிருக்க வைக்கிறாங்க. போகிமான் கோல்டில் ஒரு கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுது. 1999-ல் ஜப்பானில் வந்த கேம் அது. இத்தனை வருஷத்துக்கு அந்தக் குட்டி பேட்டரி தாங்குமா?

ஃப்ளாஷ் கேசட்டில் ரோமுக்குப் பதிலா, பென் டிரைவில் இருப்பதுபோல அழிச்சு எழுதக்கூடிய சிப். கம்ப்யூட்டரில் எழுதின கேமை அதில் ஏத்தலாம், பிடிக்கலைன்னா மாத்தலாம். தம்பி, சேவ் பண்றதுக்கு 'எஃப்-ரேம்'னு ஒரு சிப் போட்டிருக்கான். கரன்ட் இல்லாமலே அது ஞாபகம் வச்சுக்கும். பேட்டரியே வேண்டாம்.

முதல் அனுபவம் எப்படி?

உடைஞ்ச பழைய கேசட்டின் கூட்டுக்குள், கையால் சால்டரிங் செஞ்ச பச்சை நிற போர்டு. செருகும்போது கொஞ்சம் டைட். முதல் தடவை நின்டெண்டோ லோகோ சிதைஞ்சு தெரிஞ்சு, அப்படியே நின்னுடுச்சு.

இதுக்கும் காரணம் இருக்கு. ஒவ்வொரு கேம் பாய் கேசட்டிலும் அந்த லோகோ 48 பைட் தரவா இருக்கணும். ஆன் ஆனதும் மெஷின் அதைத் தன்னிடம் இருப்பதோடு ஒப்பிடும். அது பொருந்தலைன்னா கேம் தொடங்காது. கான்டாக்ட்டில் அழுக்கு இருந்தால்கூட இதுதான் நடக்கும்.

பழைய பழக்கத்தில் கேசட்டை ஊதப் போனேன். "ஊதாதக்கா, எச்சில் ஈரத்துல துருப்பிடிக்கும்" என்று பிடுங்கி, பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சான். ரெண்டாவது தடவை ஓடிடுச்சு!

கேம் அவனே எழுதினது. குறுக்குத்துறை முருகன் கோயில், தாமிரபரணியில் தண்ணி ஏறுது. வெள்ளம் மண்டபத்தைத் தொடுறதுக்குள்ள உற்சவரைத் தூக்கிட்டு மேலக்கோயிலுக்குப் போகணும். மொத்த சைஸ் 32 கேபி. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு போட்டோ இதைவிடப் பெருசு! 1989-ல் வந்த கேம் பாய் டெட்ரிஸும் அதே 32 கேபிதான். அதுக்குள்ள அடங்கினா ஒரே சிப் போதும். பெரிய கேம்னா, பகுதி பகுதியா மாத்திக் காட்ட இன்னொரு சிப் வேணும்.

வாங்கறதுக்கு முன்னாடி...

கடையில் கிடைக்கிற ஃப்ளாஷ் கேசட்டுகளில் மெமரி கார்டு போட்டு பல கேம்கள் வச்சுக்கலாம். ஆனா கேம் பாய் கலர் வரைக்கும் கேசட்டுக்கு வருவது 5 வோல்ட். இன்றைய சிப்கள் பலதும் 3.3 வோல்ட்டுக்கானவை. நடுவில் வோல்ட்டேஜ் மாத்தும் சிப் இல்லாத மலிவு கேசட், ஓடுற மாதிரி ஓடி சீக்கிரம் போயிடலாம்.

அடுத்தவர் கேமை டவுன்லோடு செய்து ஏத்துறது காப்புரிமை மீறல். நின்டெண்டோ டிஎஸ்-க்கான ஆர்4 கார்டுகளை விற்க 2009-லேயே டோக்கியோ நீதிமன்றம் தடை போட்டது. சொந்தமா எழுதினா அந்தச் சிக்கலே இல்லை. கோடிங் தெரியாதவங்களுக்கு 'ஜிபி ஸ்டுடியோ'ங்கற இலவச மென்பொருள் இருக்கு.

உங்க வீட்டுப் பரணிலும் பழைய கேசட் இருந்தா, இன்னிக்கே எடுத்து ஆன் பண்ணிப் பாருங்க. 'கண்டின்யூ' வந்தா, நீங்க அதிர்ஷ்டசாலி. உடனே பேட்டரியைக் கழட்டிடாதீங்க, கழட்டினா சேவும் போயிடும். 'கார்ட் ரீடர்'னு ஒரு கருவி கிடைக்குது. அதில் செருகி, சேவை முதலில் கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணிடுங்க. அப்புறமா பேட்டரி மாத்திக்கலாம்.

என் போகிமான்கள் இனி வராது. ஆனா கிளம்புற அன்னிக்குக் காலையில் உற்சவரை ஏழு தடவை கரையேத்தினேன். ஆஃப் பண்ணி, பேட்டரியைக் கழட்டி, மறுபடி போட்டு ஆன் பண்ணினேன். 'ஏழு' அப்படியே இருந்தது!