மாயாவியைத் தேடும் கைகள்

சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் வெளிவந்தது. முதல் இதழ், 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும்! பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962-ல் பிறந்த இந்த நாயகன், நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரனைப் போல நெருக்கமாகிப்போனான். 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்து சேர, தொட்டியம், முசிறி என ஊர் ஊராக இதழ்கள் கைமாறின.

படித்து முடித்தவை பெரும்பாலும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போயின. அதனால்தான் இன்று எஞ்சியவற்றுக்கு இத்தனை கிராக்கி.

பல வருடம் தேடிய இதழ் ஒரு கட்டுக்குள் அகப்படும்போது வரும் பூரிப்பே தனி. புரட்டினால் நடுப்பக்கத்தைக் காணோம். கதையின் முக்கியமான கட்டமே அதில்தான் இருந்திருக்கும்! அட்டையில் யாரோ ஒரு சிறுவன் பேனாவால் எழுதிய பெயர், வகுப்பு. சேகரிப்பாளர்கள் சிலர் இதைக் குறை என்பார்கள். உண்மையில் அதுவும் அந்த இதழின் வரலாறுதான்.

மறுபதிப்புகள் வந்த பிறகும் முதல் பதிப்பின் மவுசு குறையவில்லை. ஆனால் மலிவான தாளில் உள்ள லிக்னின், வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். கிழிந்த இடத்தில் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். நாளடைவில் பசை கசிந்து படத்தையே கறையாக்கிவிடும்.