கோழிக்குட்டியும் ஊசிக்காரம்மாவும்
குழந்தைகளின் வேடிக்கைப் பேச்சு உணர்த்துவது என்ன?

ஆரணியில் ஒரு நெசவாளர் இல்லத்து நான்கு வயதுச் சிறுமி, காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஏறிக்கொண்டிருக்கும் சலைன் குழாயைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தபின், "இது பாவா, ஊடையா?" என்று அவள் கேட்கிறாள். கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் சிரித்துவிடுவார்கள். செவிலியர் அதை அடுத்த அறைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

சிரிப்பதில் தவறில்லை. ஆயினும் அவள் கேட்டது நல்ல கேள்வி. தன் வீட்டுக் குழித்தறியில் நீளவாக்கில் அசையாமல் கிடக்கும் இழையையும், நாடாவோடு குறுக்கே ஓடும் இழையையும் அவள் நாள்தோறும் காண்கிறாள். நூல்போல் நீண்ட புதிய பொருள் ஒன்றைக் கண்டதும், தனக்குத் தெரிந்த இரண்டில் இது எது என்று வகைப்படுத்த முயல்கிறாள். அறியாததை அறிந்ததன் வழியே விளங்கிக்கொள்ளும் இம்முயற்சிதான் குழந்தைகளின் வேடிக்கைப் பேச்சு அனைத்திற்கும் அடிப்படை. அப்பேச்சைச் சிரித்து மறந்துவிடாமல் செவிகொடுத்துக் கேட்டால், குழந்தையின் அறிவு வளரும் விதம் புலப்படும். சில வேளைகளில், நோயுற்ற குழந்தையின் உள்ளத்தில் ஒளிந்திருக்கும் அச்சமும் புலப்படும்.

பிழைக்குள் ஒரு விதி

நாய்க்குட்டி, பூனைக்குட்டி, ஆட்டுக்குட்டி என்று கேட்டு வளர்ந்த குழந்தை, கோழியின் குஞ்சைக் கண்டதும் "கோழிக்குட்டி" என்கிறது. பால்காரர், பூக்காரர் என்று கேட்டுப் பழகிய குழந்தை, ஊசி போடும் செவிலியரை "ஊசிக்காரம்மா" என்கிறது. இச்சொற்களைப் பெரியவர் எவரும் குழந்தைக்குக் கற்பிக்கவில்லை. சிறிய உயிர் என்றால் 'குட்டி' சேரும், ஒரு தொழிலைச் செய்பவர் என்றால் 'காரர்' சேரும் என்ற விதியைக் குழந்தை தானே கண்டறிந்து, புதிய இடத்தில் அதைப் பொருத்திப் பார்த்திருக்கிறது. விதி சரியானது, அவ்விதிக்கு மொழி வைத்திருக்கும் விலக்கைத்தான் குழந்தை இன்னும் அறியவில்லை.

இதனை ஆய்வின் மூலம் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க மொழியியல் அறிஞர் ஜீன் பெர்கோ. 1958ஆம் ஆண்டு வெளியான தம் ஆய்வில், உலகிலேயே இல்லாத ஒரு சிறு பிராணியின் படத்தைக் குழந்தைகளிடம் காட்டி, அதற்கு 'வக்' என்று பெயர் சொன்னார். பிறகு அதேபோன்ற இரண்டு பிராணிகளின் படத்தைக் காட்டி, "இவை இரண்டு...?" என்று நிறுத்தினார். முன்பு ஒருபோதும் கேட்டிராத அச்சொல்லுக்கும் ஆங்கிலப் பன்மை விகுதியைச் சேர்த்து 'வக்ஸ்' என்று பெரும்பாலான குழந்தைகள் விடையளித்தனர். பேச்சைக் குழந்தைகள் கிளிபோல் மனப்பாடம் செய்வதில்லை; அதன் இலக்கணத்தையே உள்வாங்குகிறார்கள் என்பது இதனால் விளங்கியது. ருஷ்ய எழுத்தாளர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி இத்தகைய மழலைச் சொற்களைப் பல்லாண்டுகள் திரட்டி, 'இரண்டு முதல் ஐந்து வரை' என்ற பெயரில் நூலாகவே வெளியிட்டார்.

காலத்தைக் குறிக்கும் சொற்களில் குழந்தைகள் தடுமாறுவதும் இயல்பே. "நாளைக்கு நான் தோசை சாப்பிட்டேனே" என்று குழந்தை சொன்னால், 'இன்று அல்லாத வேறொரு நாள்' என்ற கருத்து அதற்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள். அந்நாள் முன்னதா, பின்னதா என்பது சிறிது காலத்தில் தெளிவாகும்.

அப்படியாயின் பிழையைத் திருத்த வேண்டாமா? "அப்படிச் சொல்லாதே, தப்பு" என்று இடைமறிப்பதைவிட, சரியான சொல்லை நம் மறுமொழியில் வைத்துச் சொல்வது சிறந்தது. "ஆமாம் கண்ணு, கோழிக்குஞ்சு எவ்வளவு சின்னதா இருக்கு பாரு!" என்றால் போதும். விருந்தினர் வரும்போதெல்லாம் "அதை இன்னொரு தடவை சொல்லு" என்று வற்புறுத்துவதும், மழலையை நகைத்துப் பேசிக் காட்டுவதும் தவிர்க்க வேண்டியவை. தான் கேலிப்பொருளாகிறோம் என்று உணரும் குழந்தை பேச்சைக் குறைத்துக்கொள்ளும்.

பின்தொடரும் நிலா

"நான் நடந்தா நிலாவும் கூடவே வருது, ஏன்?" என்று கேட்காத குழந்தை அரிது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர் ஜீன் பியாஜே இத்தகைய வினாக்களையும் விடைகளையும் 1920களில் முறையாகத் தொகுத்து ஆராய்ந்தார். சிறு குழந்தைகள் அசையும் பொருள்களுக்கு உயிரும் விருப்பமும் இருப்பதாக எண்ணுகிறார்கள் என்றும், உலக நிகழ்வுகள் தம்மையே மையமாகக் கொண்டு நடப்பதாகக் கருதுகிறார்கள் என்றும் அவர் விளக்கினார். பிள்ளைத்தமிழ் நூல்களில் அம்புலிப் பருவம் என்று ஒன்று வகுத்து, குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைத்த நம் புலவர்களும் குழந்தையின் இக்கண்ணோட்டத்தை நன்கறிந்தவர்களே.

இக்கண்ணோட்டத்திற்கு மறுபக்கமும் உண்டு. நல்லவை மட்டுமன்றித் தீயவையும் தன்னால்தான் நிகழ்கின்றன என்று குழந்தை நம்பிவிடும். மருத்துவமனைக்கு வரும் குடும்பத்தினர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி இது.

சிரிப்புக்குப் பின்னால் அச்சம்

"நான் இனிமே நூலை அறுக்க மாட்டேன், வீட்டுக்குப் போகலாம்" என்று காய்ச்சலில் கிடக்கும் குழந்தை சொன்னால், அது வேடிக்கையாகத் தோன்றலாம். என்றோ பாவில் கைவைத்துத் திட்டு வாங்கியதற்கான தண்டனையே இக்காய்ச்சல் என்று அக்குழந்தை நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். நோயைத் தண்டனையாக எண்ணுவது மழலைப் பருவத்தில் பரவலாகக் காணப்படுவது. "நீ செஞ்ச எதனாலும் இந்தக் காய்ச்சல் வரலை. யார் மேலேயும் தப்பு இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒரு முறை போதாது. பல முறை சொல்லுங்கள். "சாப்பிடலேன்னா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று வீட்டில் அச்சுறுத்துவது, சிகிச்சையே தண்டனை என்ற எண்ணத்தை வலுப்படுத்தும்.

"என் ரத்தம் எல்லாத்தையும் எடுத்துட்டா நான் காலியாயிடுவேனா?" என்று மற்றொரு குழந்தை கேட்கலாம். இதற்கும் உண்மையான விடை உண்டு. 15 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஏறத்தாழ 1,100 மில்லிலிட்டர் இரத்தம் ஓடுகிறது. வழக்கமான சோதனைகளுக்குச் சில மில்லிலிட்டரே எடுக்கப்படும். "ஒரு சின்னக் கரண்டி அளவுதான் எடுப்பாங்க. உன் உடம்பு வேற ரத்தம் செஞ்சுக்கும்" என்றால் குழந்தை அமைதியடையும்.

சொற்களை அவற்றின் நேர்ப்பொருளிலேயே குழந்தைகள் கொள்வார்கள். தாத்தாவுக்குச் 'சர்க்கரை' என்று கேட்ட குழந்தை, அவர் கையை நக்கிப் பார்க்க முனையலாம். இது சிரித்து மகிழத்தக்கது. ஆனால் பாட்டி இறந்தபோது "பாட்டி தூங்கிட்டாங்க" என்று சொல்லப்பட்ட குழந்தையிடம், அறுவைச் சிகிச்சைக்கு முன்பு "உன்னைத் தூங்க வைப்பாங்க" என்று சொல்வதை எண்ணிப் பாருங்கள். அக்குழந்தை அலறினால் அது பிடிவாதம் ஆகாது. "மருந்து கொடுப்பாங்க, அது வேலை செய்யற வரைக்கும் உனக்கு வலி தெரியாது. அப்புறம் முழிச்சுப்பே, அம்மா இங்கேதான் இருப்பேன்" என்று முழுமையாகச் சொல்லுங்கள். மரணத்தை மரணம் என்றே எளிய சொற்களில் உணர்த்துவதும் நலம்.

பெரிய மனிதப் பேச்சு

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், "எனக்கு ஊசி வேணாம். செலவாகும். இந்த மாசம் கூலி இன்னும் வரலை" என்று சொன்னால், "என்ன பெரிய மனுஷன் பேச்சு!" என்று வியப்போம். வயதுக்கு மீறிய பேச்சு எனப்படுவது பெரும்பாலும் பெரியவர்களுடைய பேச்சின் எதிரொலியே. தறியடியில் விளையாடும் பிள்ளைக்கு முந்தானை, ஜரிகை, கூலி, முன்பணம் ஆகிய சொற்கள் எழுத்தறியும் முன்பே பழகிவிடும். சொல்லின் முழுப்பொருள் தெரியாவிட்டாலும், அதைச் சொல்லும்போது பெற்றோர் முகத்தில் படரும் கவலையை அவன் அறிவான்.

ஆகவே இத்தகைய பேச்சைக் கேட்டதும், குழந்தை எதைச் சுமக்கிறது என்று பாருங்கள். "அதை அப்பாவும் அம்மாவும் பார்த்துக்குவோம். நீ குணமாகறதுதான் உன் வேலை" என்ற ஒரு வாக்கியம் அச்சுமையை இறக்கிவிடும். குழந்தையின் வினாவுக்கு விடை சொல்லுமுன், "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேட்பது நல்ல பழக்கம். அதன் உண்மையான ஐயம் எதுவென்று அப்போது தெரியவரும்.

தறி வீட்டில் பேச்சு வளர்க்கும் வழி

பேச்சு, மறுமொழி கிடைக்கும் இடத்தில் வளர்கிறது. தறி ஓடும்போது குழந்தையின் மெல்லிய குரல் காதில் விழுவதில்லை. நெய்பவரின் கண்ணும் இழையை விட்டு அகலுவதில்லை. ஆயினும் நெசவில் இயல்பான இடைவேளைகள் உண்டு. தார் தீர்ந்து, நாடாவில் வேறு தார் மாற்றும் அச்சிறு பொழுதில் குழந்தையின் முகம் பார்த்து ஒரு விடை சொல்லலாம். பட்டின் நிறங்களைச் சொல்லிக் கொடுக்கலாம். மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று வீட்டிலேயே அழகிய சொற்கள் நிறைந்திருக்கின்றன. கைபேசியில் ஓடும் காணொளி எவ்வளவு பேசினாலும் குழந்தை கேட்டதற்கு மறுமொழி சொல்லாது.

வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ, தெருவில் தமிழோ பேசும் குடும்பங்கள் இருமொழியால் பேச்சு தாமதமாகுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இரு மொழி கேட்பது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. ஒரே வாக்கியத்தில் இரு மொழிச் சொற்களைக் கலப்பதும் இயல்பே. குழந்தைக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று கணக்கிடும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

மருத்துவரிடம் எப்போது கேட்க வேண்டும்?

வேடிக்கைப் பேச்சு வளர்ச்சியின் அடையாளம் என்றால், அப்பேச்சு வராமலிருப்பதையும் கவனிக்க வேண்டும். கீழ்க்கண்டவற்றுள் எது காணப்பட்டாலும் காத்திராமல் குழந்தை நல மருத்துவரை அணுகுங்கள்.

• 12 மாதமாகியும் 'பபபா', 'மமமா' போன்ற ஒலிகளை எழுப்பாமலும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும் இருத்தல்.
• 18 மாதமாகியும் பொருளுள்ள சொல் எதையும் சொல்லாதிருத்தல்.
• 2 வயதாகியும் "அம்மா வா", "பால் வேணும்" போல இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதிருத்தல்.
• 4 வயதாகியும் வெளியாருக்குப் பேச்சு பெரும்பாலும் புரியாதிருத்தல்.
• முன்பு பேசிய சொற்களை எந்த வயதிலேனும் இழத்தல்.
• காதில் சீழ் வடிதல், அல்லது ஒலிகளுக்குச் செவிசாய்க்காதிருத்தல்.

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்ற ஆறுதலில் மாதங்கள் கழிந்துவிடக் கூடாது. பேசத் தாமதமாகும் குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. பிறந்த சில நாள்களிலேயே வலியின்றி இச்சோதனையைச் செய்ய இயலும். 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோர் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதிக்கப்படுகிறார்கள். வளர்ச்சித் தாமதமும் செவித்திறன் குறையும் அப்பரிசோதனையில் அடங்கும். குறையை எவ்வளவு விரைவில் கண்டறிகிறோமோ, அவ்வளவு நன்றாகப் பேச்சை மீட்டெடுக்கலாம்.

ஒரு குறிப்பேடு

திருவள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் குழந்தைகளின் சொல் செவிக்குத் தரும் இன்பத்தை இரண்டு குறள்களில் போற்றியுள்ளார். அவ்வின்பம் நெடுநாள் நீடிப்பதில்லை. 'கோழிக்குட்டி' ஒரு நாள் தானாகவே 'கோழிக்குஞ்சு' ஆகிவிடும். எனவே ஒரு சிறு குறிப்பேட்டில் உங்கள் குழந்தையின் சொற்களை, அது சொன்னபடியே, தேதியிட்டு எழுதி வையுங்கள். பின்னாளில் படித்து மகிழலாம். மருத்துவமனைக்கு வரும்போது அதைக் கொண்டுவந்தால், குழந்தை எந்த வயதில் எவ்வாறு பேசியது என்பதை மருத்துவரும் அதிலிருந்து தெளிவாக அறிந்துகொள்வார்.