உழைக்கும் குதிரையின் நலமும் உரிமையாளரின் பாதுகாப்பும்

உத்தராகண்டின் கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் வரையிலும், ஜம்முவின் கட்ராவிலிருந்து வைஷ்ணவ தேவி ஆலயம் செல்லும் வழியிலும் யாத்திரிகர்களையும் சுமைகளையும் ஏற்றிச் செல்பவை மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளுமே. யாத்திரைப் பருவத்தின் சில மாத வருவாயைக் கொண்டு ஆண்டு முழுவதும் வாழும் குடும்பங்கள் அங்கே பல உண்டு. வணிகவியல் பயின்றவர்கள் இயந்திரத்திற்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுவோம். குதிரை என்னும் மூலதனம் அவ்வாறு படிப்படியாகத் தேய்வதில்லை. மாலையில் நலமாக நின்ற விலங்கு விடியும்போது இல்லாமற் போகலாம். அவ்வாறு நேரும்போது பெரும்பாலும் கோளாறு வயிற்றில்தான் தொடங்கியிருக்கும்.

குதிரையின் உடலோடு ஒப்பிட்டால் அதன் இரைப்பை மிகச் சிறியது. மாட்டைப் போல அசைபோடவும் அதனால் இயலாது. உண்டதை வாந்தியெடுக்கவும் இயலாது. நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கென்றே அமைந்த உடல் அது. பகலெல்லாம் பட்டினியாக வேலை வாங்கிவிட்டு, இரவில் ஒரே வேளையாகத் தானியத்தைக் கொட்டுவதே பெருங்கேடு. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிலோ உலர் தீவனம் தேவை. அதில் பெரும்பகுதி புல்லும் வைக்கோலுமாக இருத்தல் வேண்டும். கொள்ளு, பார்லி, தவிடு ஆகியவற்றை இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்து அளிக்கலாம். தீவனத்தை மாற்ற நேர்ந்தால் ஒரு வாரத்திற்குக் குறையாமல் மெல்ல மாற்றுக. தண்ணீர் 20 முதல் 40 லிட்டர் வரை வேண்டும். குளிர்காலத்தில் குதிரை குறைவாகவே நீர் பருகும். அப்போது குடலில் தீவனம் இறுகி அடைப்பு ஏற்படுவதுண்டு.

முன்காலால் தரையைப் பறித்தல், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தல், படுத்துப் புரளுதல், சாணமிடாதிருத்தல் ஆகியவை வயிற்றுவலியின் அடையாளங்கள். உடனே தீவனத்தை அகற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். எண்ணெயையோ கஷாயத்தையோ வாயில் வலிந்து ஊற்றுவது பல ஊர்களில் வழக்கம். அது நுரையீரலுக்குள் சென்றுவிட்டால் வயிற்றுவலியால் சாகாத குதிரை அம்மருந்தாலேயே சாகும்.

அடுத்தது குளம்பு. வேலை முடிந்தவுடன் நான்கு குளம்புகளையும் தூக்கி, இடையில் சிக்கிய கல்லையும் சேற்றையும் நீக்குதல் அன்றாடக் கடமை. 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி லாடத்தை மாற்ற வேண்டும். ஆணி குத்திய சிறு காயமும் வில்வாத ஜன்னியை வரவழைக்கும் என்பதால், அதற்கான தடுப்பூசியைத் தவறவிடலாகாது.

சுமைக்குச் சட்டமே வரம்பு வகுத்துள்ளது. 1965ஆம் ஆண்டின் விதிகளின்படி மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேலும், கோவேறு கழுதையின் முதுகில் 200 கிலோவுக்கு மேலும் ஏற்றலாகாது. நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடைவேளையின்றி 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. இவ்வெண்களை உரிமையாளர் மட்டுமன்றி, ஏறி அமரும் யாத்திரிகரும் அறிந்திருப்பது நலம்.

குதிரைக்கு ஏறத்தாழச் சுற்றிலும் பார்வை உண்டு. ஆயினும் நேர் பின்புறமும் நெற்றிக்கு நேர் முன்னுள்ள சிறு பகுதியும் அதற்குத் தெரியா. ஆகவே குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாக அணுகுக. பின்புறம் கடக்க வேண்டுமெனில் உதை எட்டாத தொலைவில் விலகிச் செல்க. தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதைப் போன்ற ஆபத்து வேறில்லை. குதிரை மிரண்டு ஓடினால் கயிற்றோடு ஆளும் இழுபடுவார். மலைப்பாதையில் நடந்து செல்லும் அன்பர்கள், எதிரே குதிரை வந்தால் பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச்சரிவின் பக்கமாகவே ஒதுங்கி நிற்பாராக.

புதிய குதிரையை வாங்கும்போது கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனைச் சான்றைக் கேட்டுப் பெறுக. புதிதாக வந்ததை இரண்டு மூன்று வாரங்கள் தனியே கட்டி வைக்கவும். மூக்கில் கெட்டியான சளியும் தோலில் புண்களும் தோன்றும் இந்நோய் மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி இல்லை. நோய் இருப்பதாக ஐயம் தோன்றினாலே கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். மறைத்து விற்பவர் அடுத்தவர் வீட்டுக்கு நோயையும் சேர்த்தே விற்கிறார்.

இனி எங்கள் துறை சார்ந்த செய்தி. தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் வளர்ப்போர்க்கான தொழில்முனைவுத் திட்டங்களுக்கு 50 விழுக்காடு மூலதன மானியம், 50 லட்சம் ரூபாய் வரம்புக்குள் கிடைக்கிறது. கால்நடைக் காப்பீட்டுப் பிரீமியத்தில் பயனாளியின் பங்கும் 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. காப்பீடு செய்தபின் அடையாளக் குறியை இழக்காமல் பாதுகாப்பது உரிமையாளரின் பொறுப்பு. குறி விழுந்துவிட்டால் அன்றே நிறுவனத்திற்குத் தெரிவித்து மறுகுறி இடச் செய்க. விலங்கு இறந்தால் புதைப்பதற்கு முன்பே தகவல் அளித்து, பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கால்நடை மருத்துவரிடம் பெற்றுக்கொள்க.