உங்களுக்குத் தெரியுமா? — பழைய பாட்டு, புதிய குரல்
ஜாஸ் சங்கீதத்தில் ‘ஸ்டாண்டர்டு’ என்று வழங்கும் உருப்படிகள் பெரும்பாலும் பாடகர் தாமே இயற்றியவை அல்ல. நாடக மேடைக்கும் திரைப்படத்துக்குமாகப் பிறர் இயற்றியவற்றைப் பலரும் தத்தம் மனோதர்மத்துக்கேற்பப் பாடிப் பாடி நிலைநிறுத்தியவை. அமெரிக்கப் பாடகர் ஜானி ஹார்ட்மன், சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனுடன் இணைந்து 1963-இல் வெளியிட்ட இசைத்தட்டின் ஆறு பாடல்களும் பிறர் இயற்றிய ஸ்டாண்டர்டுகளே.

இத்தகைய சம்பிரதாயம் நம் செஞ்சிக் கதைப்பாடலுக்கும் அந்நியமன்று. 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து இளமையிலேயே சமர்க்களத்தில் மாண்ட தேஜ்சிங் என்னும் செஞ்சியின் ராஜபுத்திர வீரன், மக்கள் நாவிலே தேசிங்குராஜனாகி, ஆருயிர் நண்பன் மகபத்கானோடும் பாராசாரி என்னும் குதிரையோடும் கதைப்பாடலில் இன்றும் சஞ்சரிக்கிறான். கதையின் போக்கு அனைவரும் அறிந்ததே. ஆயினும் பாடுகிறவர் சபையின் குறிப்பறிந்து, வருணனையை விரித்தும் சுருக்கியும், சோக கட்டத்தில் குரலைத் தாழ்த்தியும், குதிரை பாயுமிடத்தில் தாளத்தை முடுக்கியும் அதனைத் தம்முடையதாக்கிக்கொள்வார். அக்கதையே 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ என்னும் திரைப்படமாகவும் உருவெடுத்தது.