சோறும் வேணும், சுத்தக் காற்றும் வேணும்! மண்ணச்சநல்லூர் பேரூராட்சி முன்னே மூன்று கணக்கு

"மண்ணச்சநல்லூர் பொன்னி இருக்கா?"

அரிசிக் கடையில் கால் வைத்ததும் திருச்சிக்காரர்கள் கேட்கும் கேள்வி இது.

திருச்சியில் இருந்து காவிரி, கொள்ளிடம் இரண்டையும் தாண்ட வேண்டும். நம்பர் ஒன் டோல்கேட்டில் துறையூர் ரோட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். கொஞ்ச தூரத்தில் மண்ணச்சநல்லூர் வந்துவிடும். சுமார் 15 கிலோ மீட்டர்தான். அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊர். நெல் அவியும் வாசனை இந்த ஊருக்குப் புதிது அல்ல.

ஊருக்கெல்லாம் சோறு போடும் ஊர் இது.

ஆனால், ஆலையில் இருந்து அரிசி மட்டுமா வருகிறது? உமி வருகிறது. சாம்பல் வருகிறது. கழிவு நீரும் வருகிறது.

தொழிலும் கெடக்கூடாது. ஊரும் கெடக்கூடாது. கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிழைப்பும் கெடக்கூடாது. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பது எப்படி?

பேரூராட்சி மன்றத்தின் முன்னே நிற்கும் கேள்வி இதுதான்.

ஒரு டன் நெல்லுக்கு 200 கிலோ உமி!

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி கிடைக்கும். புழுங்கல் அரிசிக்கு நெல்லை அவிக்க வேண்டும். அவிக்க நீராவி வேண்டும். நீராவிக்கு அடுப்பு எரிய வேண்டும். அந்த அடுப்புக்குத் தீனி இந்த உமிதான். விலை கொடுத்து விறகு வாங்க வேண்டியது இல்லை.

அதுவரை லாபம்தான். வில்லங்கம் பிறகுதான் வருகிறது.

200 கிலோ உமியை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல் மிஞ்சும். உமிச் சாம்பல் லேசானது. காற்று அடித்தால் பறக்கும். சரியான தடுப்பு இல்லாத புகைபோக்கி என்றால் கரித் தூள் மாடியில் காயும் துணி மீது விழும். வாசலில் மூடி வைக்காத குடத்திலும் விழும். கண்ணில் விழுந்தால் உறுத்தும். அரிசி ஆலை உள்ள எந்த ஊரிலும் எழும் புகார் இது.

அடுத்தது தண்ணீர். ஒரு டன் நெல்லை ஊற வைக்க ஒரு டன்னுக்கும் மேலே தண்ணீர் தேவை. ஊறிய பிறகு வடியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். தேங்கி நின்றால் புளித்து நாறும். அதை அப்படியே விட்டால் சாக்கடைக்குப் போகும். சாக்கடை வாய்க்காலுக்குப் போகும்.

மண்ணச்சநல்லூர் வட்டாரத்தில் பாய்வது புள்ளம்பாடி வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும். அந்தத் தண்ணீரில்தான் நெல் விளைகிறது. அந்த நெல்தான் திரும்ப ஆலைக்கு வருகிறது. வாய்க்காலைக் கெடுத்தால் யாருக்கு நஷ்டம்? ஆலைக்கும் சேர்த்துத்தான்!

வழி இல்லாமல் இல்லை

"சரி, ஆலையை மூடிவிடலாமா?" என்று கேட்டால் ஊரே சிரிக்கும். மூட்டை தூக்குகிறவர், களத்தில் நெல் கிளறும் பெண், லாரி டிரைவர், சாக்குப் பை தைப்பவர், டீக்கடைக்காரர் என்று அத்தனை பேர் வயிறும் அதில்தான் இருக்கிறது.

மூட வேண்டியது ஆலையை அல்ல. சாம்பல் வெளியே வரும் வழியை!

புகைபோக்கிக்கு முன்னால் 'சைக்ளோன்' என்ற கூண்டு வைக்கலாம். புகை அதற்குள் சுழன்று போகும்போது தூசி கீழே விழுந்துவிடும். தண்ணீர் தெளித்துப் புகையைக் கழுவும் கருவியும் இருக்கிறது. சாம்பலை ஈரமாக்கி, தார்ப்பாய் போட்டு மூடி ஏற்றினாலே பாதித் தொல்லை தீரும். ஊறல் தண்ணீரைச் சுத்தம் செய்து செடி கொடிக்கு விடலாம்.

சாம்பலும் குப்பை அல்ல. அதில் பெரும் பங்கு சிலிக்கா. சிமெண்டில் கலக்கிறார்கள். செங்கல் செய்யச் சேர்க்கிறார்கள். தவிட்டில் இருந்து எண்ணெய் எடுக்கிறார்கள் அல்லவா? ஒரு காலத்தில் மாட்டுக்குப் போட்ட தவிடு இன்று காசு. சாம்பலும் அப்படி ஆகலாம்.

யார் பொறுப்பு?

இங்கேதான் பொதுமக்களுக்குக் குழப்பம்.

தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-ல் வந்தது. காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981-ல் வந்தது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் அமைந்தது. ஆலைக்கு இசைவு கொடுப்பதும், புகையை அளப்பதும் அந்த வாரியத்தின் வேலை.

சாக்கடை, குப்பை, தெரு விளக்கு, குடிநீர், தொழில் உரிமம், சொத்து வரி ஆகியவை பேரூராட்சியின் வேலை.

ஆக, ஒரே சாம்பல். ஆகாயத்தில் பறந்தால் ஒரு ஆபீஸ்! தெருவில் விழுந்தால் இன்னொரு ஆபீஸ்! நடுவில் மனு கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் பாமரர்.

அரிசி வியாபாரத்திலும் இதே கதைதான். 25 கிலோ வரை உள்ள பெயர் அச்சிட்ட அரிசிப் பைக்கு 2022 ஜூலை 18-ந் தேதி முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னதாக ஆலைகளும் கடைகளும் தமிழகம் முழுக்க கதவடைத்தன. பிறகு 26 கிலோ பை கடைக்கு வந்தது! இது பேரூராட்சியின் கையில் இல்லாத சமாசாரம். ஆனால் தெருவும் சாக்கடையும் அதன் கையில்தான் இருக்கின்றன.

கேட்க ஆள் இல்லாத 5 ஆண்டு

கொஞ்ச காலம் கேட்பதற்கே ஆள் இல்லாமல் போனது.

2011-ல் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க இருந்த தேர்தலை சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. அதன் பிறகு தமிழகத்தின் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாம் தனி அலுவலர் கையில். கவுன்சிலர் இல்லை. வார்டு பிரச்சினையை மன்றத்தில் எழுப்ப ஒரு குரல் இல்லை.

2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் ஓட்டுப் பதிவு நடந்தது. மார்ச் 2-ந் தேதி கவுன்சிலர்கள் பதவி ஏற்றார்கள். பாதி இடம் பெண்களுக்கு. தெருக் குழாயடியும் சாக்கடை நாற்றமும் யாருக்கு நன்றாகத் தெரியுமோ, அவர்களே நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

அதே ஆண்டு சொத்து வரியும் ஏறியது. 600 சதுர அடிக்குள் இருக்கும் சின்ன வீட்டுக்கே 25 சதவீதம் கூடுதல். பெரிய வீட்டுக்கும் கடைக்கும் அதைவிட அதிகம். காசு கொடுத்தவன் கணக்குக் கேட்பான். கேட்கவும் வேண்டும்.

கல்மந்தைப் பெண்கள் காட்டிய வழி

கணக்குக் கேட்டு ஜெயித்த கதை திருச்சியிலேயே இருக்கிறது.

திருச்சி குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பிடம் இருந்தது. உள்ளே போக முடியாது. அவ்வளவு அசுத்தம். 2000 வாக்கில் கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் பெண்களைக் குழுவாகச் சேர்த்தது. மாநகராட்சி அந்தக் கழிப்பிடங்களைப் பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தது.

பெண்கள் என்ன செய்தார்கள்? வாசலில் முறை போட்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கு 50 காசு வாங்கி டோக்கன் கொடுத்தார்கள். வசூலை நோட்டில் எழுதினார்கள். கழுவக் கூலி, கரண்டு, ரிப்பேர் எல்லாம் அதிலேயே. மிச்சத்தைக் குழுவின் கணக்கில் போட்டார்கள்.

2002-ல் கல்மந்தை, நாட்டிலேயே திறந்தவெளிக்குப் போகும் வழக்கம் ஒழிந்த முதல் குடிசைப் பகுதி என்று பெயர் வாங்கியது.

முசிறியில் கையில் 10 காசு!

முசிறி இன்னும் ஒரு படி மேலே போனது. இன்று நகராட்சி, அன்று பேரூராட்சி.

அங்கே சாலியர் தெருவில் 'ஸ்கோப்' என்ற தொண்டு நிறுவனம் புது மாதிரி பொதுக் கழிப்பிடம் கட்டியது. சிறுநீர் தனி, மலம் தனி. தண்ணீர் ஊற்றாமல் சாம்பல் தூவி மட்க வைத்தார்கள். காவிரிக் கரையில் நிலத்தடி நீர் கெடாமல் இருக்க இந்த ஏற்பாடு. வாழைக்கு உரமாகவும் போட்டுப் பார்த்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. உபயோகிப்பவர்களுக்கே தடவைக்கு 10 காசு கொடுத்தார்கள்! 2008 வாக்கில் அந்தச் செய்தி வெளிநாட்டுப் பத்திரிகை வரை போனது.

கல்மந்தையில் ஜனங்கள் 50 காசு கொடுத்தார்கள். முசிறியில் 10 காசு வாங்கினார்கள். இரண்டு இடத்திலும் விஷயம் ஒன்றுதான். சுத்தத்தையும் காசையும் ஜனங்களையும் ஒரே நோட்டில் எழுதினார்கள்.

அசந்தால் போச்சு!

ஒரு தடவை செய்தால் போதாது என்பதற்கும் திருச்சியே சாட்சி. 2016-ல் மத்திய அரசின் தூய்மை நகரப் பட்டியலில் 73 நகரங்களில் திருச்சிக்கு 3-வது இடம். ஊரே கொண்டாடியது. 2020-ல் 102-வது இடம்! போட்டிக்கு வந்த ஊர்கள் கூடியதும் ஒரு காரணம்தான். ஆனாலும் 3 எங்கே, 102 எங்கே?

வார்டில் கேளுங்கள்

ஆகவே, மண்ணச்சநல்லூர் மக்கள் கவுன்சிலரைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது நான்கே கேள்வி:

எத்தனை ஆலைக்கு உரிமம் கொடுத்திருக்கிறீர்கள்? அவற்றில் எத்தனை ஆலை சாம்பலை மூடி ஏற்றுகிறது?

ஊறல் தண்ணீர் எந்தச் சாக்கடையில் சேருகிறது?

எங்கள் தெருக் குப்பை தரம் பிரிந்த பிறகு எங்கே போகிறது? உரம் விற்றால் காசு யார் கணக்கில்?

மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியை மன்றத்துக்கு அழைத்து, ஆலைக்காரர்களையும் ஜனங்களையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பேசினீர்களா?

பதில் வந்தால் முன்னேற்றம். வராவிட்டால் அடுத்த ஓட்டுப் பதிவு இருக்கவே இருக்கிறது.

மண்ணச்சநல்லூர் பொன்னி என்றால் வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும். அதை அவிக்கும் ஊரில் மாடியில் காயும் வேட்டியும் அப்படியே இருந்தால்தானே அழகு?