உங்களுக்குத் தெரியுமா? எம்.எஸ்.டபிள்யூ. படிப்பும் மாதத் தவணையும்

★ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்தப் பணிக்கு ஆள் எடுப்பதாக அவ்வப்போது விளம்பரம் வருகிறதல்லவா? அதில் சமூகப்பணியாளருக்குத் தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய். புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592. குழந்தைகள் பாதுகாப்புக்கான 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் வரும் சம்பளம் இது. (அந்தக் கடைசி முப்பத்தாறு ரூபாயை எப்படிக் கணக்குப் போட்டார்களோ!) சமூகப்பணி முதுகலையில் (எம்.எஸ்.டபிள்யூ.) சேரப் போகிறவர்கள் கல்லூரிக் கையேட்டைப் புரட்டும் முன் இந்த விளம்பரத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. 'முற்றிலும் தற்காலிகமானது' என்ற வரியையும் சேர்த்து.

★ அந்த 18,536 ரூபாய் வேலைக்கு இளநிலைப் பட்டமே போதும். முதுகலை கேட்பது அதற்கு மேலே உள்ள பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு, சம்பளம் 27,804. அதாவது எம்.எஸ்.டபிள்யூ. உங்களுக்குக் கூடுதலாக வாங்கித் தருவது மாதம் 9,268 ரூபாய். ஆனால் பட்டப்படிப்போடு இரண்டாண்டு அனுபவம் இருந்தாலும் அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று திட்டத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. முதுகலைக்கும் அதே இரண்டு ஆண்டுதான்!

★ இந்தப் படிப்புக்குக் கல்விக் கடன் வாங்கினால் தவணை எவ்வளவு வரும்? வருடத்துக்கு ஒன்றரை லட்சமாக மூன்று லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் இரண்டு வருடமும் முடித்த பின் ஒரு வருடமும் வங்கி பணம் கேட்காது. வட்டி மட்டும் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். தனிவட்டியே 75,000 ஆகிவிடும். மூன்று லட்சம் 3.75 லட்சமாகி நிற்கும்போதுதான் முதல் தவணை வரும்: பத்து வருடக் கெடுவுக்கு மாதம் ஏறக்குறைய 4,956 ரூபாய். 18,536 வாங்குபவருக்கு இது சம்பளத்தில் கால் பங்குக்கு மேல். கெடுவைப் பதினைந்து வருடமாக்கினால் தவணை 4,030 ஆகக் குறையும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது 5.95 லட்சத்திலிருந்து 7.25 லட்சமாக ஏறும்.

★ படிக்கும்போதும் அதற்கடுத்த ஒரு வருடமும் வட்டியைக் கட்டிவந்தால் தவணையில் மாதம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் மிச்சம். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கவும் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள்.

★ கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தில் எட்டு வருடம் கழிவு உண்டு என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், மாதம் 18,536 வாங்கினாலும் 27,804 வாங்கினாலும் வரி கட்டும் அளவுக்கு வருமானமே வராது. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? இந்தச் சலுகை பெரிய சம்பளக்காரர்களுக்குத்தான் இனிக்கும்.

★ நான்கு லட்சத்துக்குள் கடன் என்றால் கைப்பணம் போட வேண்டாம், அடமானமும் வேண்டாம். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். 'சும்மா ஒரு கையெழுத்துதானே' என்பார்கள். மகள் தவணை தவறினால் அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து சரியும்.

★ ஒரே கல்லூரியில், ஒரே பாடத்துக்கு, அரசு உதவி பெறும் பிரிவுக்கு ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவுக்கு வேறு கட்டணம். நுழைவுத் தேர்வில் சில மதிப்பெண் கூடுதலாக எடுப்பது கடனையே பாதியாக்கிவிடக்கூடும். என்னைக் கேட்டால், வங்கி வங்கியாக அலைவதைவிட அந்த மதிப்பெண்ணுக்காக இரண்டு மாதம் உட்கார்ந்து படிப்பது லாபம்.

★ சமூகப்பணி படிப்பவர்கள் வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்குப் போக வேண்டும். மருத்துவமனை, காப்பகம், குடிசைப் பகுதி, பள்ளிக்கூடம் என்று இடம் மாறும். உதவித்தொகை பெரும்பாலும் கிடையாது. பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் சொந்தச் செலவு. கட்டண அட்டவணையில் இந்தச் செலவு எங்கேயும் இராது.

★ 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 49ஆம் பிரிவில் எழுதிவைத்தது. 2020இல் வந்த சட்டத் தொகுப்பு அதை 250 ஆக்கியது. இந்த நல அலுவலர் வேலையை நினைத்து எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பில் பலர் மனிதவளப் பிரிவை எடுப்பதற்கும் தவணைக் கணக்குக்கும் தொடர்பு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காப்பகத்துக்குப் போக ஆசைப்பட்டு வந்தவர்கள் கம்பெனி வாசலில் நிற்பது அப்படித்தான்.

★ அமெரிக்காவில் நிலைமை இன்னும் முற்றல். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கடன் வாங்கிச் சமூகப்பணி முதுகலை முடித்தவர்களுடைய கடனின் இடைநிலை அளவு 1,12,000 டாலர். இரண்டு வருடம் கழித்து அவர்களில் பாதிப் பேரின் ஆண்டு வருமானம் 52,000 டாலரோ அதற்கும் குறைவோ. 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை வெளியிட்டது. ஆனால் அங்கே ஒரு வழியும் இருக்கிறது: அரசிலோ லாபநோக்கற்ற அமைப்பிலோ வேலை பார்த்துக்கொண்டே 120 மாதத் தவணை கட்டிவிட்டால் மீதிக் கடன் தள்ளுபடி. 2007இல் வந்த சட்டம்.

★ சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுப் பெண் தன் களப்பணி நோட்டைக் காட்டினாள். குறிப்புகளுக்கு எதிர்ப்பக்கத்தில் பேருந்துச் சீட்டுகளை வரிசையாக ஒட்டி, கீழே பென்சிலால் கூட்டல் போட்டிருந்தாள். "இதைக் காலேஜ்ல குடுத்தா திருப்பித் தருவாங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்ல அங்கிள், வேலைக்குச் சேர்ந்ததும் முதல் சம்பளத்துல எடுத்துக்கலாம்னு" என்றாள்.