அவள் தூங்க யார் வாசலில் உட்காருவது?

வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். கூடையோடு காத்து நிற்கும் பெண்களில் கைக்குழந்தைக்காரிகளும் உண்டு. நடு இரவில் பால் கொடுத்து, பிள்ளையை ஆயாவிடம் விட்டு வந்தவர்கள். அவர்களின் அன்றைய தூக்கம் அத்தோடு முடிந்தது.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வீட்டின் தூக்கத்தை ஷிப்ட் முடிவு செய்கிறது. நைட் முடித்து அப்பா வந்து படுக்கும் நேரத்தில்தான் குழந்தை விழித்து விளையாட ஆரம்பிக்கும். ஒற்றை அறை வீடு. அவர் தூங்கட்டும் என்று அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். அவள் தூங்க வேண்டுமென்று அப்படி வாசலில் உட்காருபவர் யார்?

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் வயிறு சிறியது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசி எழுப்பிவிடும். இரவு எது, பகல் எது என்று அதன் உடம்புக்குப் பிடிபடவே இரண்டு மூன்று மாதம் ஆகும். பெற்றவள் எட்டு மணி நேரம் பாயில் கிடந்தாலும் கிடைப்பது துண்டு துண்டான அரைத்தூக்கம்தான்.

ஜெர்மனியில் 4,600-க்கும் மேற்பட்ட பெற்றோரின் தூக்கத்தை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. முதல் மூன்று மாதங்களில் தாய்மார் இழந்தது தினம் சுமார் ஒரு மணி நேரம். தந்தையர் இழந்தது கால் மணி. ஆறு ஆண்டுகள் ஆகியும் இருவருக்கும் பழைய தூக்கம் முழுதாகத் திரும்பவில்லை. நம் நாட்டு வீட்டுவேலைக் கணக்கிலும் இதே ஏற்றத்தாழ்வு தெரிகிறது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குத் தினம் 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம்.

வடசென்னையில் வெளியிலிருந்தும் தூக்கம் கெடுகிறது. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். தொழிற்பகுதிக்கு அது 70. இரண்டும் ஒட்டிக்கிடக்கும் ஊரில், கன்டெய்னர் லாரி ஓடும் சாலையோரம் தூளி ஆடுகிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்படி ஒரு முறை ஓடிய தாய் அதன்பின் எப்படிக் கண்ணயர்வாள்?

பேறுகால நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வார விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றது. கூடை தூக்கும் பெண்ணுக்கு இவை எதுவும் இல்லை. அவள் கிளம்பும் நேரத்தில் அங்கன்வாடியும் திறந்திருக்காது. துறைமுகத்துக்கு அருகிலேயே விடியலுக்கு முன் திறக்கும் காப்பகம் வேண்டும்; இது சலுகை அல்ல, அவளுக்குச் சேர வேண்டியது.

அதுவரை வீடு செய்யக்கூடியது ஒன்று உண்டு. அம்மாவால் மட்டுமே ஆகும் வேலை பால் கொடுப்பதுதான். ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தூளி ஆட்டுவது எல்லாம் அப்பாவாலும் ஆகும். குழந்தை அயர்ந்த பிறகும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, அழுகையும் வெறுமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் நள்ளிரவிலும் தமிழில் பேசலாம்.